பஞ்சுப் பொம்மை துவைக்கப் போகிறீர்களா? முதலில் தராசை எடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் மைதாவுக்கும் சர்க்கரைக்கும் அடுத்தபடியாக அதிகம் ஏறி இறங்குவது ஒரு சாம்பல் நிற யானை. நன்றாகக் காய்ந்த நிலையில் அதன் எடை 284 கிராம். இந்தக் கட்டுரையில் பாதி விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மகளுக்கு ஒன்றரை வயதில் வந்த யானை அது. முதல் தடவை அதைத் துவைத்தபோது எனக்குத் தராசு யோசனையெல்லாம் இல்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துவைத்து, பால்கனிக் கொடியில் காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். திங்கள் மாலை தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கையில் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அவள் தலையணைப் பக்கமிருந்து ஒரு மக்கல் வாடை. யானையின் வயிற்றுத் தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு சில்லென்று இருக்கிறது, தையலோரம் வரிசையாகக் கரும்புள்ளிகள். பஞ்சு முழுவதையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டியதாயிற்று. தொங்கின காது இன்றைக்கும் மற்றதைவிட அரை அங்குலம் நீளம்.

நாங்கள் இருப்பது சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில். மழை மாதத்தில் இங்கே ஜீன்ஸ் காயவே இரண்டு நாள் ஆகும். பொம்மை துவைப்பது அரைமணி நேர வேலை. உள்வயிறு வரை காயவைப்பதுதான் வேலையே. அதனால் நாள் பார்த்துத் துவைக்கச் சொல்வேன்: அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, வாந்தி மாதிரி அவசரம் இருந்தால் தவிர, முழுப் பொம்மையை நனைக்காதீர்கள். மேலாகத் துடைத்து ஒப்பேற்றி, பொங்கல் கழித்துத் துவைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பொம்மையின் பின்பக்கமோ காலிடுக்கிலோ ஒரு வெள்ளை நாடா தைத்திருப்பார்கள். குழந்தைக்குக் குத்துகிறது என்று வந்த அன்றே வெட்டி எறிகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வெட்டுங்கள், ஆனால் போட்டோ எடுத்துவிட்டு வெட்டுங்கள். அதில் தொட்டிப் படத்துக்குள் 30 என்று இருந்தால், 30 டிகிரி வரையுள்ள தண்ணீரில் துவைக்கலாம், மெஷினும் சரிதான். தொட்டிக்குள் ஒரு கை இருந்தால் கையால் மட்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. அடித்த முக்கோணம் என்றால் ப்ளீச் வேண்டாம். சதுரத்துக்குள் வட்டம் போட்டு அடித்திருந்தால் டிரையர் வேண்டாம்.

நாடா இல்லையா? வயிற்றை நன்றாக அமுக்கி விடுங்கள். உடனே உப்பி எழுந்தால் உள்ளே இருப்பது ஃபைபர் பஞ்சு, அதாவது பாலியஸ்டர். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த ரகம், பயமில்லாமல் துவைக்கலாம். அமுக்கின குழி அப்படியே நின்றாலோ, கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, உள்ளே பருத்திப் பஞ்சோ இலவம்பஞ்சோ தையற்கடைத் துணிக் கழிவோ இருக்கும். பாட்டி தைத்துக் கொடுத்த பொம்மை, திருவிழாக் கடையில் வாங்கிய நாய்க்குட்டி எல்லாம் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். இவற்றைத் தண்ணீரில் முக்காதீர்கள். பஞ்சு கட்டிக்கொள்ளும், நடுப்பகுதி சித்திரை வெயிலிலும் லேசில் காயாது.

சில பொம்மைகள் உட்கார வேண்டும் என்பதற்காக அடியில் மணி மணியாகப் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் மணியோ தெர்மோகோல் மணியோ, கையால் மெதுவாகத் துவைக்கலாம். மெஷினில் போட்டு நடுவில் தையல் விட்டால் டிரம் முழுக்க மணி பொறுக்க வேண்டியிருக்கும். அமுக்கினால் பாடுகிற, பேசுகிற ரகத்தில் பேட்டரிப் பெட்டியைக் கழற்ற முடிந்தால் துவைக்கலாம். முடியாவிட்டால் துடைப்பதோடு சரி. கழற்றும்போது ஒன்று: உள்ளே காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியை உடனே உயரமான இடத்தில் வைத்துவிடுங்கள். குழந்தை அதை விழுங்கி, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசு வெந்துபோகும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், மலத்தில் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். புதிதாக வாங்கும்போது அதைப் பாருங்கள். ரயில் நிலைய வாசலில் ஆசைப்பட்டு வாங்கியதில் அது இருக்காது. அப்படி வந்தவற்றின் கண்ணையும் மூக்கையும் இரண்டு தடவை கூடுதலாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நனைப்பதற்கு முன் பத்து நிமிடம்

முதலில் எடை. சமையலறைத் தராசில் பொம்மையை உட்காரவைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்: யானை 284, முயல் 131, கரடி 460. ஏன் என்று காயவைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

அடுத்து தையல். கை கால் இடுக்கு, கழுத்து, வால் அடி எல்லாவற்றையும் விரலால் தடவுங்கள். கண்ணையும் மூக்கையும் திருகி இழுங்கள். தளர்ந்திருந்தால் இப்போதே தைத்துவிட வேண்டும், துவைத்த பிறகு ஓட்டை இரண்டு மடங்காகியிருக்கும். வெளியே தெரியாமல் தைக்க ஏணித் தையல் போதும்: ஊசியை இந்தப் பக்க மடிப்புக்குள் ஒரு நெல்மணி நீளம் ஓட்டி வெளியே எடுங்கள், நேர் எதிரே அந்தப் பக்க மடிப்பில் அதே அளவு ஓட்டுங்கள். நாலைந்து முறை இப்படி மாறி மாறிப் போனால் நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி தெரியும். அப்போது நூலை இழுத்தால் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு, நூல் உள்ளே மறைந்துவிடும்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பொம்மையின் அடியில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் ஏமாற்றும். கைக்குட்டையில் நிறம் ஏறினால் முக்கித் துவைக்கும் திட்டத்தைக் கைவிடலாம். இல்லையென்றால் பொம்மையை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் நாலு தட்டு தட்டி, தூசியை உதறிவிட்டு வாருங்கள். தூசியோடு நனைத்தால் அது சேறாகி முடிக்குள் இறங்கும்.

கையால் துவைப்பது

அரை வாளித் தண்ணீர், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாக. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பாலியஸ்டர் முடி சூட்டில் சுருண்டுவிட்டால் திரும்ப நேராகாது. லிக்விட் டிடர்ஜென்ட் ஒரு டீஸ்பூன் போதும். கை அந்த இடத்தில் தாராளமாகத்தான் போகும், அடக்குங்கள். அதிகமாகப் போட்டது முழுவதும் பஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு ஆறு அலசலுக்கும் நுரை தள்ளிக்கொண்டே இருக்கும். குழந்தை ஷாம்புவும் நன்றாக வேலை செய்கிறது. சலவை சோப்பைப் பொம்மைமேல் நேராகத் தேய்க்காதீர்கள்.

பொம்மையை முக்கி, உள்ளங்கையால் அமுக்கி விடுங்கள். மிதக்கப் பார்க்கும், ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்துக் கால்மணி நேரம் ஊறவிடலாம். அதற்குமேல் வேண்டாம். பிறகு இட்லி மாவைக் கையால் கரைப்பது போல மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே இருக்கும் அழுக்குத் தண்ணீர் வெளியே வரும். எங்கள் யானையிலிருந்து முதல் தடவை வந்த தண்ணீர் டிகாஷன் நிறம். மூக்கு நுனி, கைப்பிடி, குழந்தை வாயில் வைக்கிற காது நுனி ஆகிய இடங்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் முடி போகும் திசையிலேயே தேயுங்கள்.

அலசுவது குறைந்தது மூன்று தண்ணீர். அமுக்கினால் நுரை வரக் கூடாது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகமிருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள். இல்லையென்றால் முடி விறைத்து, தேங்காய் நார் மாதிரி ஆகும். துணி மென்மையாக்கும் திரவம் தேவையில்லை. அந்த வாசனையும் படிவும் வாயில் வைக்கிற பொருளுக்கு எதற்கு?

பிழியும்போது முறுக்காதீர்கள், பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். வாளி விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கித் தண்ணீரை வடியுங்கள். அப்புறம் ஒரு தேங்காய்ப்பூத் துண்டில் சுருட்டி, அதன்மேல் முழங்காலால் ஏறி அமுக்குங்கள். துண்டு நனைந்ததும் இன்னொரு துண்டு. கூச்சப்படாமல் மூன்று துண்டு செலவழித்தால் காயவைக்கும் நேரத்தில் ஒரு நாள் மிச்சம்.

மெஷின் பற்றிச் சுருக்கமாக: ஜிப் வைத்த வலைப்பை, இல்லாவிட்டால் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, ஒன்றிரண்டு துண்டுகளோடு, மென்மையான சுற்றில், குளிர்ந்த தண்ணீரில். மேல்மூடி மெஷினில் பொம்மை மிதந்து ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் அழுக்காக வரும், நடுவில் நிறுத்திப் புரட்டிவிட வேண்டும். என்னைக் கேட்டால் மெஷினின் உண்மையான பலன் துவைப்பதில் இல்லை, ஸ்பின்னில் இருக்கிறது. கையால் துவைத்துவிட்டு, உறைக்குள் கட்டி, ஸ்பின்னில் மட்டும் போட்டு எடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி.

காயவைப்பது

சொட்டச் சொட்ட எடுத்தபோது யானை ஒன்றரைக் கிலோவுக்குமேல் இருந்தது. துண்டில் அமுக்கியதும் 620 கிராம். ஸ்பின்னில் போட்டதும் 390. அன்று மாலை 345. மறுநாள் காலை தொட்டால் மேலெல்லாம் உலர்ந்து பஞ்சாக இருந்தது, யாராக இருந்தாலும் காய்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். தராசு 312 காட்டியது. அதாவது வயிற்றுக்குள் இன்னும் ஆறு டீஸ்பூன் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை 285. அப்போதுதான் கொடுத்தேன்.

இந்தத் தராசுக் கணக்கு ஃபைபர் பஞ்சுக்குத் துல்லியமாக வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. பாலியஸ்டர் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, 100 கிராமுக்கு அரை கிராம்கூட வராது. பருத்தி அப்படியில்லை, சும்மா வெளியில் இருந்தாலே 100 கிராமுக்கு ஏழெட்டு கிராம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஃபைபர் பொம்மை காய்ந்தால் ஏறக்குறைய பழைய எண்ணுக்கே வந்து நிற்கும். ஐந்து கிராமுக்குமேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் காயவில்லை. தராசு இல்லாதவர்கள் பொம்மையின் வயிற்றை மேல் உதட்டில் அழுத்திப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி உதட்டுக்குத் தெரியும். தராசு எண்ணோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் குத்துமதிப்புதான்.

எங்கே வைப்பது? காதையோ வாலையோ பிடித்துத் தொங்கவிடக் கூடாது, ஈரப் பாரம் தையலை இழுக்கும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்காரவையுங்கள். கூடைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் கீழிருந்தும் காற்று போகும். இரும்புக் கம்பி, துருப்பிடித்த கிரில் பக்கம் வேண்டாம், துருக்கறை போகாது. காலை வெயில் பத்து மணி வரை நல்லது. உச்சி வெயிலில் நிறம் வெளுக்கும். வெயில் இறங்கியதும் மொட்டை மாடியிலிருந்து உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கு நேர் கீழே வையுங்கள். இரவுப் பனியில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்ப வந்து ஏறும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தலைகீழாகப் புரட்டி, உள்ளே பஞ்சைக் கையால் பிசைந்து உதிர்த்துவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்காற்று மட்டும்.

இரண்டு மூன்று நாளில் காயவே காயாது என்று தோன்றுகிற பெரிய கரடிகளுக்கு ஒரு வழி உண்டு. முதுகுத் தையலை ஒரு சாண் பிரித்து, பஞ்சை எடுத்து ஒரு தலையணை உறையில் போட்டுவிட்டு, தோலை மட்டும் சட்டை மாதிரி துவைத்து ஒரே நாளில் காயவைத்துவிடலாம். பஞ்சு நாற்றமடித்தால் புது ஃபைபர் பஞ்சு வாங்குங்கள், தலையணை தைக்கிற கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். அடைக்கும்போது முதலில் கை கால் நுனி, அடுத்து தலை, கடைசியில் வயிறு. தட்டையான கரண்டிக் காம்பு உதவும். இந்த அறுவைசிகிச்சையைக் குழந்தை முன்னால் செய்யாதீர்கள்.

முடி லேசாக ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் வாரிவிடுங்கள். சிக்கு விழுந்த இடத்துக்கு நாய், பூனைக்கு விற்கும் கம்பி பிரஷ் அருமையான பொருள். முழுக்கக் காய்ந்தபின் இன்னொரு முறை வாரினால் பாதிப் பழைய உருவம் திரும்பும். மீதிப் பாதி திரும்பாது, அதைக் குழந்தைகள் கவனிப்பதும் இல்லை.

முக்கக் கூடாதவற்றுக்கு

ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் பொம்மையைப் போட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் ஆப்ப சோடா தூவி, வாயைக் கட்டிக் குலுக்குங்கள். அரைமணி நேரம் கழித்து வெளியே எடுத்து வாக்குவம் கிளீனராலோ பிரஷ்ஷாலோ மாவு முழுவதையும் தட்டி எடுத்துவிடுங்கள். சிக்கு வாடைக்கு இது நன்றாகக் கேட்கும். பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் ஷாம்புவை நுரை பொங்க அடித்து, தண்ணீரைத் தொடாமல் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, ஃபேனில் வைத்தால் போதும்.

கறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவை துணிக்கு எப்படியோ அப்படித்தான். வாந்தி, பால், ரத்தம் என்றால் முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்க வேண்டும்; சூடு பட்டால் புரதம் இறுகிக் கறை நிரந்தரமாகும். எண்ணெய், நெய் பட்ட இடத்தில் சோளமாவு அல்லது டால்கம் பவுடரைக் கொட்டி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டு, அப்புறம் சோப்பு.

தும்மல், பேன், நோய்

தலையணை, மெத்தை மாதிரியே பஞ்சுப் பொம்மையும் தூசிப்பூச்சிகளுக்குப் பிடித்த வீடு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சியின் எச்சம்தான் ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். 60 டிகிரித் தண்ணீர் பூச்சியைக் கொல்லும், ஆனால் பல பொம்மைகள் அந்தச் சூட்டைத் தாங்காது. மாற்று வழி ஃப்ரீசர். பொம்மையைக் காய்ந்த நிலையில் இரண்டு உறை போட்டுக் கட்டி, ஒரு முழு நாள், பெரியது என்றால் இரண்டு நாள் வையுங்கள். எங்கள் வீட்டில் முயல் பச்சைப் பட்டாணி பாக்கெட்டுக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு இரவு படுத்திருந்தது, மாமியார் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை. குளிர் பூச்சியைக் கொல்லுமே தவிர எச்சத்தை நீக்காது, ஆகவே வெளியே எடுத்த பிறகு துவைக்கவும் வேண்டும்.

பள்ளியிலிருந்து பேன் வந்தால் பொம்மையைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். துவைக்க முடியாததைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் பரணில் வைத்துவிடுங்கள், அதுவே ஜாஸ்தி. சிரங்குக்குக் காரணமான பூச்சியும் தோலை விட்டு வந்தால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. ஒரு வாரம் கட்டிவைத்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பார்கள். கூடவே தூங்குகிற ஒன்றை மாதம் ஒரு தடவை, அலமாரியில் சும்மா உட்கார்ந்திருப்பதை வருடத்துக்கு இரண்டு தடவை. ஆஸ்துமா இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் பஞ்சுப் பொம்மையே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

பத்திரப்படுத்தும்போது பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. குழந்தைப் பொருட்களில் அதை அடியோடு நிறுத்துங்கள். நாப்தலீன் உருண்டை, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் அதுவரை தெரியவே தெரியாது. கற்பூரமும் வேண்டாம், கொஞ்சம் வாயில் போனாலே வலிப்பு வரலாம். காய்ந்த பொம்மையைச் சுத்தமான பருத்தித் தலையணை உறையில் போட்டு வைத்தாலே போதும். இன்னொன்று, பூசணம் போக வினிகர் போடுகிறவர்கள் அதனோடு ப்ளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கையிலிருந்து வாங்குவது எப்படி

துவைப்பதைவிடக் கஷ்டமான படி இதுதான். தூங்கும்போது உருவிக்கொண்டு வந்தால், மூன்று நாள் காய வேண்டிய பொருளுக்கு விடிகாலையிலேயே அழுகை ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் பலித்தது, முன்கூட்டியே சொல்வதும் கூடச் சேர்த்துக்கொள்வதும்தான். "சனிக்கிழமை யானைக்கு எண்ணெய் தேய்க்காத குளியல்" என்று புதன்கிழமையே அறிவிப்பு வரும். தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைப்பது, கூடையில் திருப்பிவைப்பது, தராசில் எண்ணைப் படிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் மெஷினில் சுற்றுவதைக் கண்ணாடி வழியாகக் காட்டிவிடாதீர்கள். யானை மூச்சு விடாமல் சுற்றுகிறதே என்று பதறிய மகளுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் சமாதானம் சொன்னேன். முடிந்தால் அதே பொம்மையில் இன்னொன்று வாங்கி, ஆரம்பத்திலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். பின்னால் வாங்கினால் ஏற்க மாட்டார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் 285 கிராம் யானையைக் கையில் கொடுத்ததும் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேற யானை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாசனை போய்விட்டது, அவ்வளவுதான். அவள் இரண்டு நாளாகத் தலைவைத்துத் தூங்கிய தலையணையின் உறையைக் கழற்றி, யானையை அதற்குள் போட்டு, ஒரு பகல் முழுக்க அப்படியே வைத்திருந்து ராத்திரி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.